மூன்று நாரைகளுக்குப் போகும் வழி

கேட்காமல் நடந்தவனுக்குப் பாதை சொந்தமாகும், கேட்டுவிட்டு நடந்தவளுக்கு அது ஒருநாளும் சொந்தமாகாது என்றால், மரியாதை தெரிந்தவர்கள் எங்கேதான் நடப்பது? ஹெஸ்டர் ப்ரோபர்ட்டை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. நீதியைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் நிறையப் பேசுகின்றன. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர்களைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை.

டீம் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் வெல்பரியில் ஹெஸ்டரைத் தெரியாதவர் கிடையாது. அதற்குக் காரணம் அன்பு அல்ல. கவுன்சிலின் குப்பைக் கிடங்கில் மஞ்சள் கோட்டு போட்டு, வருகிற கார்களின் பின்கதவைத் திறக்கச் சொல்லி, எது எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று சொல்வது அவருடைய வேலை. ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தார். பெயின்ட் டப்பாவை மரக்கழிவுக்குள் மறைத்துப் போட்ட டாக்டரைச் சாலை வரை துரத்திப் போய், திரும்ப வரவழைத்து அவர் கையாலேயே எடுக்க வைத்தார். பாதிரியார்கூட அவரைப் பார்த்தால் தன் பையை ஒருமுறை கிளறிக்கொள்வார். கோபம் அவருக்கு முழங்கால் வலி மாதிரி. காலையில் அவர் எழுந்தால் அதுவும் எழும். கணவர் கீத் காருக்குப் பின்னால் ஒரு கேரவன் வண்டியை மாட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போனவர் திரும்பவே இல்லை. அதற்கு மட்டும் ஹெஸ்டர் கோபப்பட்டதாக யாரும் பார்த்ததில்லை. போனவர் விதி எதையும் மீறவில்லை, சொல்லிவிட்டுத்தான் போனார் என்பது அவர் கட்சி.

செயற்கைக்கோளைப் பார்த்து இடம் சொல்லும் கருவி சாதாரண மனிதர்களின் கைக்கு வந்த புதிதில் ஒரு விளையாட்டு கிளம்பியது. ஒருவர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிலோ கரையிலோ ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற தாளில் பெயரை எழுதிவிட்டு, பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பரிசு கிடையாது. ஜியோகேஷிங் என்று அதற்குப் பெயர். வளர்ந்த மனிதர்கள் மழையில் புதரைக் கிளறுவதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஹெஸ்டருக்கு விளங்கியது. அவரை இழுத்தது பெட்டிகள் அல்ல, விதிகள் என்று நினைக்கிறேன். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. தின்பண்டம் வைக்கக் கூடாது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியை உலகத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை. அனுமதி உண்டா என்று இணையப் பக்கம் கேட்கும். டிக் அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஹெஸ்டர் டிக் அடிப்பதற்கு முன்னால் போய்க் கேட்டார்.

ஊர்ப் பாலத்திலிருந்து ஆற்றை ஒட்டியே போனால் இரண்டு வயல் தாண்டி அணைச்சுவர் வரும். அதற்கு அடுத்த வளைவில் மூன்று நாரைகள் என்கிற பப், எங்கள் ஊர் மதுக்கடை. நடுவில் இருக்கும் கரை முழுவதும் ஃபெரி பண்ணைக்குச் சொந்தம். முன்பு அது பீருக்குப் போடுகிற ஹாப் கொடித் தோட்டம். கம்பமும் கம்பியும் வேலியுமாக இருந்ததால் யாரும் உள்ளே நுழைய முடியாது. ஹாப் கட்டுப்படியாகவில்லை என்று பண்ணைக்காரர் ஏமஸ் ராக் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுப் புல் விட்டார். வேலி போன அன்றைக்கே ஊர் நடக்க ஆரம்பித்தது. பப்புக்கு இன்னொரு வழியும் உண்டு. அது தார்ச்சாலை. ஓரத்தில் நடைபாதை கிடையாது, கல்குவாரி லாரிகள் சாலையோரப் புதர்வேலியை உரசிக்கொண்டு போகும். ஆற்று வழி கிடைத்த பிறகு அந்தச் சாலையில் நடக்க யாருக்குப் பைத்தியம்?

அணைச்சுவரின் ஓரத்தில் நின்ற ஒரு பொந்து வில்லோ மரத்தில் ஹெஸ்டர் தன் பெட்டியை வைக்க விரும்பினார். ராக் அப்போதே கிழவர். பப்பில் கணப்புக்குப் பக்கத்து பெஞ்சில், சைடர் என்கிற ஆப்பிள் மதுக் குவளையோடு மாலை முழுக்க உட்கார்ந்திருப்பார். ஹெஸ்டர் அவர் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை எல்லோரும் பார்த்தோம். பேசியது யார் காதிலும் விழவில்லை. அன்று பக்கத்து ஊரோடு பலகையில் அம்பெறிகிற டார்ட்ஸ் போட்டி, ஒரே கூச்சல். கிழவர் தலையை ஆட்டினார் என்று பப் நடத்துகிற டென்ஸில் க்விலியம் சொல்வார். கிழவருக்குத் தலை எப்போதுமே ஆடும் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

பெட்டி வில்லோவுக்குள் போயிற்று. இணையப் பக்கத்தில் ஹெஸ்டர் இப்படி எழுதினார்: “ஃபெரி பண்ணை திரு. ராக் அவர்களின் அன்பான அனுமதியோடு இந்தக் கரையில் நடக்கிறீர்கள். கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள்.” அந்த வரியில் அவருக்கு இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒரு ஜாடி டாம்சன் பழ ஜாமைப் பண்ணை வாசலில் கொண்டுபோய் வைப்பார். கிழவர் சாகும்வரை அது தவறவில்லை.

நல்ல வருடங்கள் என்று சொன்னால் மிகையாகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாக இருந்தன. காலையில் பாலத்தருகே கூடுவோம். ஹெஸ்டர் முன்னால் போவார். கேட்டைக் கடைசியாகத் தாண்டுகிறவர் சாத்தினாரா என்று திரும்பிப் பார்ப்பார். பர்மிங்ஹாமிலிருந்தும் ஊஸ்டரிலிருந்தும் குடும்பங்கள் கருவியும் கையுமாக வரும். பொந்துக்குள் கையை விட்டு, சிலந்திக்குப் பயந்து இழுத்து, மறுபடி விட்டு, பெட்டியை எடுத்து ஒரு பிளாஸ்டிக் டைனோசருக்காகச் சண்டை போடும். பிறகு பப். சேற்று பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு உள்ளே போய் ஹாமும் முட்டையும் சிப்ஸும் சாப்பிடுவோம். டென்ஸிலின் வியாபாரத்தில் பாதி அந்தக் கரை வழியாகத்தான் வந்தது. அதை அவரே சொல்வார். சொல்லிவிட்டு ஹெஸ்டருக்கு அரை பைன்ட் சைடரைக் கொஞ்சம் கூடவே ஊற்றுவார்.

ராக் இறந்தார். பிள்ளைகள் இல்லை. பண்ணையை ஜூலியன் ஆஷ்கோம்ப் என்பவர் வாங்கினார். லண்டன்காரர். மீன் பிடிக்க வருகிற பணக்கார விருந்தாளிகளுக்குக் கரையை நாள் வாடகைக்கு விடுவது அவர் திட்டம். நடக்கிறவர்கள் இருந்தால் மீன் கலையும். ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது முதல் கேட்டில் புதுச் சங்கிலி, புதுப் பூட்டு, தனியார் நிலம் என்று ஒரு பலகை. ஆஷ்கோம்ப் அங்கேயே நின்றிருந்தார். கத்தவில்லை, திட்டவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எனக்கு யார் மேலயும் பகை இல்லைங்க. முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா நானே திறந்து விட்டிருப்பேன். கேட்கணும், அவ்வளவுதான்” என்றார்.

ஹெஸ்டரின் கழுத்து சிவந்தது. “கேட்கிறதைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லித் தர்றீங்களா?”

“உங்களைச் சொல்லலை. பொதுவாச் சொன்னேன்.”

“இங்க பொதுன்னு ஒருத்தரும் இல்லை. எல்லாருக்கும் பேர் இருக்கு” என்றார் ஹெஸ்டர்.

நாங்கள் சாலை வழியாகப் பப்புக்குப் போனோம். வழியில் ஒரு லாரியின் கண்ணாடி என் தோள்பையை இழுத்துக்கொண்டு போனது. பை போனதைவிட, அன்று பப்பில் ஒருவரும் அதை ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளாததுதான் எனக்கு எரிந்தது.

இந்த நாட்டுச் சட்டம் விசித்திரமானது. ஒரு நிலத்தில் மக்கள் இருபது வருடம் யாரையும் கேட்காமல், ஒளியாமல், பூட்டை உடைக்காமல் நடந்திருந்தால் அது பொதுப்பாதை. பிறகு எந்த ஆஷ்கோம்ப் வந்தாலும் அதை மூட முடியாது. நிலத்துக்காரர் அனுமதி கொடுத்து நடந்திருந்தால் அது அவர் காட்டிய தயவு. தயவை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எத்தனை வருடம் நன்றியோடு நடந்தீர்களோ அத்தனை வருடமும் கணக்கில் வராது. திமிராக நடந்தவனுக்குச் சட்டம் உரிமையைக் கொடுக்கிறது, பணிவாக நடந்தவனுக்கு ஒரு வணக்கத்தோடு கதவைச் சாத்துகிறது. இதை எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாகிறது.

கரையைப் பொதுப்பாதை என்று அறிவிக்கச் சொல்லி ஊர் விண்ணப்பம் போட்டது, விசாரணை வைப்பதாகப் பதில் வந்தது. இருபது வருடத்துக்கு மேலேயே நடந்திருக்கிறோம், சாட்சிகளுக்குக் குறைவில்லை, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். ஆஷ்கோம்பின் வக்கீல்கள் ஒரே ஒரு தாளை அனுப்பினார்கள். ஹெஸ்டரின் இணையப் பக்கத்தின் நகல். அன்பான அனுமதியோடு என்ற வரியின் கீழே கோடு போட்டிருந்தது. கரையில் நடந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள். கரையில் நடக்க ஊருக்கு அனுமதி இருந்தது என்று ஊரே உலகத்துக்குச் சொன்ன மாதிரி ஆயிற்று.

அன்று சாயங்காலம் பப்பில் நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாமலிருந்தால் எங்களைக் காப்பாற்றியதாகிவிடும். ஹெஸ்டர் வழக்கமான மூலையில் உட்கார்ந்திருந்தார். முதலில் முணுமுணுப்பு, பிறகு குத்தல். குப்பையில்தான் ரூல் பார்த்தாய், புல்லிலும் பார்க்கவேண்டுமா என்று ஒருவர் கேட்டார். டென்ஸில் கவுண்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தவர், துணியை வீசிவிட்டு வந்தார். பள்ளியில் இருவரும் ஒரே வகுப்பு. அவருக்குத்தான் உரிமை அதிகம், கோபமும் அதிகம். குளிர்காலம் வந்தால் பப்பை மூட வேண்டிவரும் என்று பயந்துகொண்டிருந்தார்.

“உலகமே டிக் அடிச்சிட்டுப் போச்சு. நீ மட்டும் தொப்பியைக் கழட்டிக்கிட்டுப் போய் நின்ன.”

“கேட்டது தப்பா?”

“கேட்டுத் தொலைச்ச, போகட்டும். அதை ஊருக்கெல்லாம் எழுதிப் போட்ட பாரு, அதைத்தான் சொல்றேன்.” டென்ஸில் அவர் எதிரே உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். “இப்ப ஒண்ணும் கெட்டுப் போகலை. விசாரணையில ஒரே வரி சொல்லு. நான் யாரையும் கேட்கலை, சும்மா எழுதினேன்னு. கிழவன் எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லப் போறானா?”

“நான் கேட்டேன், டென்ஸில். எல்லாரும் பார்த்தீங்க.”

“நாங்க ஒண்ணும் பார்க்கலை. டார்ட்ஸ் பார்த்தோம்.”

“குப்பையைக்கூட ஒரு தொட்டிக்கு பதிலா இன்னொரு தொட்டியில நான் போட விட்டதில்லை” என்றார் ஹெஸ்டர்.

டென்ஸில் எழுந்தார். “அப்படியா? சரி. இனிமே இங்க நாற்காலியில உட்காரணும்னாலும் கேட்டுட்டு உட்காரு.”

சிலர் சிரித்தார்கள். ஹெஸ்டர் சைடரை அப்படியே வைத்துவிட்டு மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். யாரும் பின்னால் போகவில்லை. பாதையைத் திருடியவர் ஆஷ்கோம்ப். அவரைத் திட்ட வக்கீல் வேண்டும், ஹெஸ்டரைத் திட்ட ஒரு குவளை பீர் போதும். எங்கள் வீரத்தின் அளவு அவ்வளவுதான்.

வசந்தத்தில் விசாரணை, ஊர்க் கூடத்தில். அரசு அனுப்பிய விசாரணை அதிகாரி, அதிகம் பேசாத ஒரு பெண்மணி, மேடைக்குக் கீழே சாதாரண மேஜையில் உட்கார்ந்தார். பின்னால் டீ கொதிகலன் இரைந்துகொண்டிருந்தது. சத்தியம் எதுவும் வாங்கவில்லை. இந்த மாதிரி விசாரணைகளில் வாங்குவதில்லை, உண்மை பேசுவார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஹெஸ்டரை அழைத்தது எங்கள் தரப்பு அல்ல. அழைக்க எங்களுக்குத் தைரியமில்லை. அவராகவே வந்து, பேச வேண்டும் என்று பெயர் கொடுத்திருந்தார்.

ஆஷ்கோம்பின் வக்கீல் இளைஞர், நல்ல குரல். இணையப் பக்கத்தை நீட்டி, எழுதியது நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் ஹெஸ்டர்.

“இதை எழுதறதுக்கு முன்னாடி திரு. ராக்கிட்ட அனுமதி கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

எனக்கு முன்வரிசையில் டென்ஸில் கண்ணை மூடிக்கொண்டார். வக்கீல் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பார். இனிப்பை இன்னும் ஒரு வாய் சாப்பிட ஆசைப்பட்டார்.

“அவர் என்ன சொன்னார்?”

“வேண்டாம்னார்.”

வக்கீல் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“வேண்டாம்னா?”

“என் நிலத்துல உன் பெட்டியும் வேண்டாம், உன் ஆளுங்களும் வேண்டாம்னார். நான் வெச்சிட்டேன். நாங்க நடந்தோம்.”

“ஆனா அன்பான அனுமதியோடன்னு எழுதியிருக்கீங்களே?”

“எழுதினேன். அது பொய்.”

வக்கீல் தாள்களைப் புரட்டினார். “வருஷா வருஷம் நீங்க அவருக்கு ஜாம் கொடுத்தீங்கன்னு சாட்சி இருக்கு. முடியாதுன்னு சொன்னவருக்கு எதுக்கு ஜாம்?”

“மனசு உறுத்துச்சு.”

“மிஸஸ் ப்ரோபர்ட், ஒண்ணு இத்தனை வருஷமா ஊரைப் பொய் சொல்லி ஏமாத்தியிருக்கீங்க. இல்லைன்னா இப்ப இந்தக் கூடத்துல பொய் சொல்றீங்க. எது?”

ஹெஸ்டர் அவரை நிதானமாகப் பார்த்தார். கிடங்கில் காரின் பின்கதவைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“உங்களுக்கு எது வசதியோ அதை எடுத்துக்குங்க, தம்பி. ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் பொய்க்காரிதான்.”

கிழவர் மறுத்தார் என்றால் அதுவே எதிர்ப்புதானே, எதிர்ப்பை மீறி நடந்தவர்களுக்கு உரிமை ஏது என்று வக்கீல் பிறகு வாதாடிப் பார்த்தார். ஒரு பப் மேஜையில் ஒரு பெண்ணிடம் சொன்ன ‘வேண்டாம்’ ஊருக்குச் சொன்னதாகாது என்று அதிகாரி தீர்ப்பில் எழுதினார். ராக் பலகை வைக்கவில்லை, பூட்டுப் போடவில்லை, இருபது வருடம் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெஸ்டரின் பேச்சை நம்பினாரா என்று அதிகாரி வெளிப்படையாகச் சொல்லவில்லை. அனுமதி இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று மட்டும் எழுதினார். கரை பொதுப்பாதை ஆயிற்று.

ஹெஸ்டர் எப்போது பொய் சொன்னார்? இதைப் பற்றி நான் யோசிக்காத வாரம் கிடையாது. எழுதிய வரி பொய்யென்றால், விதிகளின் பெயரால் ஊரையே விரட்டிய அந்தப் பெண் தன் முதல் விதியையே மீறிவிட்டு, எல்லா வருடமும் எங்கள் முன்னால் நிமிர்ந்து நடந்திருக்கிறார். கூடத்தில் சொன்னது பொய்யென்றால், தன்னிடம் இருந்த ஒரே சொத்தை எங்களுக்காக, அதுவும் அவரைப் பார்த்துச் சிரித்த எங்களுக்காக, எடுத்து எறிந்திருக்கிறார். ஊரில் எல்லோரும் இரண்டாவதையே நம்புகிறார்கள். நானும்தான். இருந்தும் அவரைப் பெரிய மனுஷி என்று எழுத என் கை வரவில்லை. ஒரு பொய்யால்தான் நியாயம் கிடைக்கும் என்று ஆக்கி வைத்தவர்கள்மேல் வருகிற கோபம் முதலில் தீரட்டும். அந்தப் பொய்யை அவர் தோளில் ஏற்றிவிட்டுக் கைதட்டிய எங்கள்மேல் வருகிற கோபமும் தீரட்டும். கைதட்டினோம், ஆமாம். கூடமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

விளையாட்டை நடத்துகிறவர்கள் சேதியைக் கேள்விப்பட்டார்கள். அனுமதி மறுக்கப்பட்ட நிலத்தில் பெட்டி வைத்து, பொய்யும் எழுதியவர் என்று, அவர் மாவட்டம் முழுக்க வைத்திருந்த எல்லாப் பெட்டிகளையும் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். முகம் தெரியாத ஆட்கள் அவருடைய பக்கத்தில் அசிங்கமாக எழுதினார்கள். ஹெஸ்டர் பதில் எழுதவில்லை. ஒவ்வொரு பெட்டியாகப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். வில்லோவில் இருப்பதை மட்டும் எடுக்கவில்லை. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

கவுன்சில் பாலத்தருகே பொது நடைபாதை என்று பச்சைப் பலகை நட்டது. அடுத்த ஞாயிறு ஊரே கரையில் இறங்கியது. வயல் ஈரமாக இருந்தது, அணைச்சுவரில் நாரை நின்றது, கேட்டைக் கடைசியாகத் தாண்டியவர் சாத்தினாரா என்று பார்க்க ஆளில்லை. நானே திரும்பிப் போய்ச் சாத்தினேன். பப்பில் டென்ஸில் ஹெஸ்டரின் மூலை மேஜையைத் துடைத்து, சைடரை ஊற்றி வைத்திருந்தார். இனி வாழ்நாள் முழுக்க அவரிடம் இங்கே காசு வாங்க மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் வந்தார். மஞ்சள் கோட்டில் முழங்கால்வரை சாலைச் சேறு தெறித்திருந்தது. பூட்ஸில் புல்லில்லை. லாரிகள் போகிற வழியாகத் தனியாக நடந்து வந்திருந்தார். மூலை மேஜைக்குப் போய், நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு டென்ஸிலைப் பார்த்தார்.

“இங்க உட்காரலாமா?”

டென்ஸிலின் முகம் வெளுத்தது. “உட்காரு, ஹெஸ்டர். உட்காரும்மா” என்றார்.

அவர் உட்கார்ந்தார். குடித்தார். காசை மேஜையில் வைத்துவிட்டு, வந்த வழியே போனார்.

இது நடந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. கரையில் ஏன் நடப்பதில்லை என்று கேட்டவர்களிடம் ஹெஸ்டர் வானிலையைப் பற்றிப் பேசுகிறார். கரையில் நாங்கள் நடக்கிறோம். அது எங்கள் உரிமை, யாரும் எங்களை நிறுத்த முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் சாலையோரப் புதர்வேலிக்கு அந்தப் பக்கம், லாரி வரும்போது ஒதுங்கி நின்று, போனதும் மறுபடி நகர்கிற மஞ்சள் கோட்டு கிளைகளுக்கு நடுவே தெரிகிறது.